பல பொருளும் ஒரு கையும்

கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் ஒருவருடைய செலவுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மதிய உணவோடு அவர் குடிக்கும் எலிபன்ட் ஹவுஸ் சோடா, மாலையில் வீடு திரும்பும் வழியில் மரக்கறியும் மாவும் வாங்கும் கீல்ஸ் அங்காடி, மாதந்தோறும் பணம் கட்டும் யூனியன் அஷ்யூரன்ஸ் ஆயுட் காப்புறுதி, பிள்ளைகளோடு வருடத்துக்கு ஒருமுறை போய்த் தங்கும் சினமன் விடுதி ஆகிய யாவும் வெவ்வேறு பெயர்ப்பலகைகளைத் தாங்கி நிற்பினும், ஜோன் கீல்ஸ் என்னும் ஒரே இல்லத்தின் பிள்ளைகளே. 1870களில் எட்வின் ஜோன் என்னும் ஆங்கிலேயர் தரகுத் தொழிலோடு தொடக்கிய இல்லம் அது. பேரே வாவிக் கரையில் அந்த இல்லம் எழுப்பிய பெருமாளிகை 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முழுமையாகத் திறக்கப்பட்டபோது, விடுதி, கடைத்தொகுதி, குடியிருப்பு, சூதாட்டக்கூடம் என எல்லாம் ஒரே வளவினுள் அமைந்தமை பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதை வியந்தாரும் உளர். முகஞ் சுளித்தாரும் உளர்.

வியப்பதற்கும் சுளிப்பதற்கும் முன்னே ஆராய வேண்டியது ஒன்று உண்டு. பொருளாதாரம் கற்கும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையிலும் மண்ணெண்ணெய் முதல் மருந்துச் சரக்கு வரை எல்லாம் இருக்கின்றனவே, சேர்! அதற்கும் இதற்கும் அளவிலன்றி வேறெதில் வேறுபாடு?" கேள்வி எளிது. விடையோ நம் நாட்டு வணிகத்தின் ஒன்றரை நூற்றாண்டுக் கதையை இழுத்துக்கொண்டு வருவது.

முதலில் கடைத்தெருவைப் பார்ப்போம். சிலப்பதிகாரத்து மருவூர்ப்பாக்கத்தில் ஒவ்வொரு வினைஞருக்கும் ஒவ்வோர் இருக்கை வகுத்துச் சொல்லப்படுவதை நம் மாணவர் பரீட்சைக்காகவேனும் படித்திருப்பர். அந்த வழக்கு இன்றும் அழிந்துபோகவில்லை. கொழும்புச் செட்டியார் தெருவிலே நகைக்கடைக்குப் பக்கத்தில் நகைக்கடை. கபோஸ் ஒழுங்கையிலே மருந்துச் சரக்குக் கடைக்குப் பக்கத்தில் மருந்துச் சரக்குக் கடை. யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியிலும் அப்படியே. ஒரே தொழில் செய்வோர் இவ்வாறு நெருங்கி இருப்பது தமக்குத் தாமே குழி தோண்டுவதுபோலத் தோன்றும். ஆனால், தாலிக்கொடிக்குப் பொன் வாங்க வந்த தாய் முதற் கடையில் விலை கேட்டு, அடுத்த கடைப் படியேறி, மூன்றாங் கடையிலே பேரம் பேசி, திரும்ப முதற் கடைக்கு வருவது அந்த நெருக்கத்தினாலேதான் இயல்கின்றது. ஒரு பொருள் பல கைகளில் இருக்கின்றது. வாங்குபவர் கால்வலியைப் பொறுத்துக்கொண்டால் விலையிலே நியாயம் பெறலாம்.

பல்பொருள் இல்லத்திலோ பல பொருள்கள் ஒரு கையில் இருக்கின்றன. கால்வலி இல்லை, வெயில் இல்லை, குளிரூட்டிய மண்டபத்திலே வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனால் போதும். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் அங்கே இல்லாமற் போய்விடுகின்றது. பாலும் ஐஸ்கிறீமும் பழப்பாகும் அருகருகே அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து மூன்று வியாபாரிகளின் போட்டி என்று நாம் எண்ணுகின்றோம். மூன்றும் ஒரே இல்லத்தின் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

ஊர்க் கடைக்காரர் இப்படிப்பட்டவரல்லர். அவர் பல பொருள் விற்றார். ஆனால் ஒன்றையேனும் அவர் உற்பத்தி செய்தாரில்லை. சவர்க்காரம் ஒரு கொம்பனியிடமிருந்தும், சீனி புறக்கோட்டை மொத்த வியாபாரியிடமிருந்தும், தேங்காய் ஊரிலிருந்தும் வந்தன. அடுத்த சந்தியிலே இன்னொரு கடை இருந்தது. அவருடைய கடன் கொப்பியில் நம் பெயர் இருந்தபோதிலும், அவரும் யாரோ ஒருவருடைய கொப்பியில் இருந்தார். ஆகையினால் அவருடைய கை நீளமான கையன்று.

நீளமான கையை நம்மவர் கண்டதே இல்லையா? கண்டனர். கொழும்புக் கோட்டையிலே வேரூன்றிய ஏஜென்சி இல்லங்கள் என்பவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல்பொருள் இல்லங்கள்தாம். இலண்டனிலே பங்குதாரர் இருப்பர். மலைநாட்டிலே தோட்டம் இருக்கும். இரண்டுக்குமிடையில் நின்று தோட்டத்தை நிருவகிப்பதும், உரமும் இயந்திரமும் தருவிப்பதும், தேயிலையைக் கப்பலேற்றுவதும், அக்கப்பலுக்கு முகவராவதும், சரக்குக்குக் காப்புறுதி செய்வதும் ஏஜென்சி இல்லத்தின் தொழில்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு தரகு. தேயிலை விலை விழுந்த ஆண்டிலும் கப்பற் கூலியிலே தரகு உண்டு. உரத்திலே தரகு உண்டு. பங்குதாரருக்கு இலாபம் குறையலாம், இல்லத்துக்குக் குறைவதில்லை. 1868இல் காலியிலே தோன்றிய எயிட்கன் ஸ்பென்ஸும், 1878இல் அதே காலியிலே தோன்றிய ஹேலீஸும் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு, ஒரு காலை மட்டும் ஊன்றி நில்லாத இந்த வழக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கோட்டையிலிருந்த இல்லத்தின் சாயல் அதே காலத்தில் தோட்டத்து லயத்திலும் விழுந்தது. இந்தியத் தமிழ்த் தொழிலாளருக்கு வேலை கொடுத்தவர், இருக்க லயக்காம்பிரா கொடுத்தவர், அரிசி கொடுத்து அதன் விலையைச் செக்றோலிலே கழித்தவர், நோய்க்கு மருந்து கொடுத்தவர் எல்லாரும் ஒருவரே. இவருக்குக் கீழே கங்காணி. ஆள் சேர்த்தவரும் அவரே. வேலை வாங்கியவரும் அவரே. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்த கடன்காரரும் அவரே. பல இடங்களிலே கடை வைத்திருந்தவரும் அவரே. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், 'துண்டு' என்னும் கடிதத்திலே அவர்மீதுள்ள கடன் எழுதப்படும். புதிய தோட்டம் அக்கடனைக் கொடுத்தாலன்றி அவர் போதல் இயலாது. 1921ஆம் ஆண்டுவரை இம்முறை சட்டத்தின் நிழலில் நடைபெற்றது.

இங்கே நன்கு கவனிக்கத்தக்கது ஒன்று. தோட்டத்திலே கொடுக்கப்பட்ட அரிசி மோசமான அரிசியாக இருந்தது என்றோ, மருந்து போலி மருந்து என்றோ நான் சொல்ல வரவில்லை. வீடு, அரிசி, மருந்து, கூலி என்னும் நான்கையும் நான்கு பேர் கொடுத்திருந்தால், அந்த நால்வருள் ஒருவரோடு பிணங்கிய மனிதர் மற்ற மூவரையும் இழந்திருக்கமாட்டார். ஒருவரே கொடுத்தமையால், கூலி போதாது என்று வாய் திறந்தவர் அன்றிரவு எங்கே படுப்பது என்றும் சிந்திக்க நேர்ந்தது. சேவைகள் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதன் மறுபக்கம் இது. விலகிப் போவதற்குரிய விலை ஒன்றுக்கு நான்காகிவிடுகின்றது.

1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது, ஏஜென்சி இல்லங்களின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதினர். முடியவில்லை. விடுதித் தொழில், கப்பற்றொழில், தரகு, ஏற்றுமதி என்னும் மற்றக் கால்கள் இருந்தன. 1992இல் தோட்டங்கள் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கொம்பனிகளாகப் பிரித்துத் தனியார் நிருவாகத்துக்கு விடப்பட்டபோது, பொறுப்பேற்க வந்தவர்களுள்ளே பழைய இல்லங்களின் பெயர்களும் இருந்தன.

இவ்வில்லங்கள் செய்வன யாவும் சூழ்ச்சி என்று கொள்ளுதல் அறியாமை. பொருளுக்கும் பொருளுக்கும் இயற்கையாக உள்ள உறவைக் கண்டு வளர்ந்த தொழில்களும் உண்டு. ஹேலீஸின் தேங்காய்க் கதை அதற்கு நல்ல சான்று. தும்பு ஏற்றுமதியிலே தொடங்கியவர்கள், தேங்காய்ச் சிரட்டையை எரித்துப் பெறும் கரியிலே கண் வைத்து, 1973இல் அதற்கெனத் தனிக் கொம்பனி ஒன்றை நிறுவினர். சிரட்டைக் கரியை நீராவியாற் பதப்படுத்தினால் அதிலே கண்ணுக்குப் புலனாகாத நுண்டுளைகள் எண்ணிலடங்காமல் உண்டாகின்றன. அத்தகைய கரி குடிநீரைச் சுத்திகரிக்கும். தாதுக் கரைசலிலிருந்து பொன்னையும் பிரித்தெடுக்க உதவும். நம் அடுப்படியிலே எரிந்து சாம்பலாகும் சிரட்டை, தூர தேசத்துப் பொற்சுரங்கத்திலே போய் வேலை செய்கின்றது! இறப்பர்ப் பால் கையுறையாவதும் இவ்வாறே. தோட்டமும் தொழிற்சாலையும் கப்பலேற்றும் பகுதியும் ஒரே நிருவாகத்தில் இருப்பதால் வீண் செலவு குறைகின்றது. மூலப்பொருளாக மலிவில் போயிருக்கவேண்டியது முடிந்த பொருளாகப் போகின்றது. இத்தகைய பரப்பை நான் மனமார வரவேற்கிறேன். நம் வடபகுதிப் பனையைச் சுற்றி இப்படி ஒரு தொழில் வட்டம் இந்த அளவில் எழவில்லையே என்பது வேறொரு கட்டுரைக்குரிய துக்கம்.

ஆனால் அதே ஹேலீஸ் 2017இல் சிங்கர் கொம்பனியை வாங்கியபோது வந்தது வேறுவகை உறவு. தையல் இயந்திரம் விற்கவந்த சிங்கர், குளிர்ப்பெட்டியும் தொலைக்காட்சியும் விற்றது. அவற்றை வாங்கப் பணமில்லாதவர்க்குத் தவணை முறையைக் கொடுத்தது. பின்னர்க் கடன் கொடுப்பதற்கென்றே நிதிக் கொம்பனியும் நடத்தியது. பொருளுக்கும் பொருளுக்குமுள்ள உறவு இங்கில்லை. வாங்குபவரின் தேவைக்கும் அவருடைய வருமானத்துக்கும் இடையே உள்ள பள்ளமே இங்கு விற்பனைப் பொருள். இதனைக் குற்றமென்று சொல்ல முடியாது. ஆசிரியர் வீடுகளிற் பாதி தவணையிலே நிறைந்தவைதாமே. எனினும், விற்கும் கையும் கடன் கொடுக்கும் கையும் ஒன்றாயிருக்கும்போது, "இப்போது வாங்காதே, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லும் ஆள் எவரும் கடையிலே இருக்கமாட்டார்.

பெயருக்கும் பெயருக்குமுள்ள உறவோ இன்னும் நுட்பமானது. ஒரு தொழிலில் ஈட்டிய நம்பிக்கையை இன்னொரு தொழிலிலே செலவிடுவதற்குப் பெயர் உதவுகின்றது. செலிங்கோ என்னும் பெயரைக் காப்புறுதியிலே கேள்விப்பட்டு நம்பியவர்கள், அந்தக் குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ என்னும் கடனட்டைக் கொம்பனியிலே பணத்தை இட்டனர். வங்கிகளிலும் கூடிய வட்டி கிடைத்தது. மத்திய வங்கியின் வைப்பேற்கும் அனுமதி அக்கொம்பனிக்கு இல்லை என்பதை எத்தனை பேர் விசாரித்தனர்? 2008 டிசம்பரிலே அது வீழ்ந்தபோது திரும்பக் கொடுக்கவேண்டிய பணம் சுமார் 2,600 கோடி ரூபா எனக் கூறப்பட்டது. ஓய்வூதியப் பணத்தை அங்கே இட்டிருந்த முதியோர் தெருவில் நின்றனர். வந்த வழியாலேயே அச்சம் திரும்பியது: அதே குழுமத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட செலான் வங்கியிலே பணத்தை எடுக்க மக்கள் வரிசையாக நின்றனர். மத்திய வங்கி தலையிட்டு, வங்கியின் நிருவாகத்தை அம்மாதமே இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. ஓர் அறையிலே பற்றிய தீ அடுத்த அறைக்குப் பரவாமல் சுவர் எழுப்பவேண்டும் என்பதை வங்கிச் சட்டங்கள் அறியும். பெயருக்குச் சுவர் எழுப்ப எந்தச் சட்டத்தாலும் முடியாது.

இனி, இந்த வாரத்துச் சந்தைக்கு வருவோம்; ஏனெனில் என் வாசகருட் பலர் ஆசிரியராயிருந்துகொண்டே தோட்டமும் செய்பவர்கள்.

கார்கில்ஸ் 1844இல் தொடங்கிய கடை. 1983இல் ஃபூட் சிற்றி என்னும் அங்காடியைத் திறந்து, பிற்காலத்திலே பால், ஐஸ்கிறீம், பழப்பாகு, இறைச்சிப் பண்டம் ஆகியவற்றின் உற்பத்தியிலும் இறங்கி, 2014இலே வங்கியையும் ஆரம்பித்தது. 2013இலே யாழ்ப்பாண நகரத்தில் அதன் கட்டடம் எழுந்தபோது, படமாளிகையும் அங்காடியும் நகரும் படிகளும் ஒருங்கே கண்ட நம் இளைஞர் கூட்டங் கூட்டமாகச் சென்றனர். முப்பது ஆண்டு யுத்தத்தின் பின்னர் அவர்கள் குளிர்காற்றிலே சிறிது நேரம் நிற்க விரும்பியதைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை.

1999 முதல் இவ்வில்லம் விவசாயியிடமிருந்து நேரே மரக்கறி வாங்கும் நிலையங்களை நடத்துகின்றது. நேரே வாங்குவதிலே நன்மை இருக்கின்றது. நம் சந்தைகளிலே நடப்பது என்ன? நிறையிலே பத்து வீதம் 'கழிவு' என்று வெட்டுகிறார்கள். நூறு கிலோக் கத்தரிக்காய் கொண்டுபோனவர்க்குத் தொண்ணூறு கிலோவுக்கே பணம். அதன்மேல் தரகு. சாக்கிலே திணித்து லொறியில் எறிவதாற் பழுதாவது வேறு. இதற்கு மாறாக, பெட்டியில் அடுக்கி, நிறுத்து, அன்றைய விலையைப் பலகையிலே எழுதி, பற்றுச்சீட்டுக் கொடுப்பவர் வந்தால் விவசாயி அவரிடம் போவதே இயல்பு. பேரங்காடிகளை எதிர்த்து மேடையேறும் நண்பர்கள் இந்தப் பத்து வீதத்தைப் பற்றி முதலிலே பேசட்டும்.

ஆயினும் கதை அங்கே முடிவதில்லை. அங்காடிக்கு வேண்டியது ஒரே அளவான, வடுவில்லாத காய். வளைந்த கத்தரிக்காயும் கீறலுள்ள தக்காளியும் திரும்பிவரும். திரும்பிவந்த காயை விற்பதற்குப் பழைய சந்தை இருக்கும்வரை விவசாயிக்குப் பெரிய நட்டமில்லை. அங்காடி கொடுக்கும் விலையுங்கூட, அன்று காலை தம்புள்ளையிலோ பேலியகொடையிலோ நடந்த வியாபாரத்தை ஒட்டி வைக்கப்படுவதே. அதாவது, பல கைகள் கூடிப் பேரம் பேசும் சந்தை ஒன்று வெளியே இருப்பதனாலேதான் ஒரு கையின் விலை நியாயமாக இருக்கின்றது. அந்தச் சந்தை மெலிந்தால் எந்த விலையை ஒட்டி எந்த விலையை வைப்பது? வாங்குபவரே விதையும் உரமும் காட்டி, அவருடைய வங்கியே பயிர்க்கடனும் கொடுக்கும் நாள் வந்தால், அது வசதியான நாள்தான். கங்காணியின் கடையும் வசதியானதே.

நமக்கென ஒரு பல்பொருள் இல்லம் இருந்தது என்பதை இளைய தலைமுறை மறந்துவிட்டது. அதன் பெயரிலேயே அதன் இலக்கணம் உண்டு: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். 1911இல் வந்த சட்டத்தின் கீழ் ஐக்கிய நாணய சங்கங்களாகத் தொடங்கி, இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பங்கீட்டு அரிசிக்காக ஊர்தோறும் பண்டகசாலைகளாகப் பெருகி, 1957இல் பிலிப் குணவர்தன உணவு விவசாய மந்திரியாக இருந்தபோது பலநோக்குச் சங்கங்களாக உருவெடுத்தது இவ்வியக்கம். விவசாயிக்குக் கடன், உரம், உத்தரவாத விலையில் நெற்கொள்வனவு, வீட்டுக்கு அரிசி, சீனி, துணி, பின்னர்க் கிராமிய வங்கி என ஒரே கூரையின் கீழ் எல்லாம் வைத்தது. இந்த அமைப்புக்கும் கொழும்பு இல்லத்துக்கும் உருவத்திலே வேறுபாடு மிகக் குறைவு. உரிமையிலே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. கடைக்கு வருபவரே கடையின் சொந்தக்காரர், வருடப் பொதுக்கூட்டத்திலே எழுந்து, "மா ஏன் பழுதானது? மனேச்சர் எங்கே?" என்று கேட்கக்கூடியவர்.

யாழ்ப்பாணத்திலே இவ்வியக்கம் ஆழமாக வேரூன்றியது. புகையிலைச் செய்கையாளர் கடன் கொடுத்த வியாபாரிக்கே பயிரையும் விற்கவேண்டியிருந்த நிலையை மாற்றுவதற்கு மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் கண்டனர். மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. ஆசிரியர்களாகிய நம்மவர் சிக்கனக் கடனுதவுச் சங்கங்கள் அமைத்தனர். இன்று நாடகமும் நூல் வெளியீடும் காணச் செல்லும் வீரசிங்கம் மண்டபம், கல்வியாளராகவும் கூட்டுறவாளராகவும் விளங்கிய ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது என்பதை மேடையில் பேசுவோரே அறிவதில்லை.

பிறகு ஏன் சங்கக்கடை நொடித்தது? தனியாரின் போட்டியைக் காரணங் காட்டுவது எளிது. உண்மை அதற்கு முந்தியது. 1971இலே சிறு சங்கங்கள் பெருஞ் சங்கங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. நிருவாக சபைகளுக்கு ஆட்களை நியமிக்கும் அதிகாரம் மேலிடத்துக்குப் போயிற்று. தன் ஊர்ச் சங்கத்திலே கை தூக்கிப் பழகிய அங்கத்தவர், பத்து மைல் தூரத்திலுள்ள தலைமைக் காரியாலயத்திலே அரசியல்வாதியின் ஆளைக் கண்டு பேசாமல் திரும்பினார். 1979இல் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தபோது, சங்கக்கடைக்குக் கட்டாயமாக வரவேண்டிய காரணமும் மக்களுக்கு இல்லாமற் போயிற்று. விருப்பமாக வருவதற்குரிய காரணத்தை எவரும் அதற்குள் வளர்த்திருக்கவில்லை. ஆயினும் யுத்த ஆண்டுகளிலே, பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் பெயர்ந்த மக்களுக்கு நிவாரண அரிசியும் பருப்பும் சங்கத்து ஊழியர் கையாலேயே நிறுத்துக் கொடுக்கப்பட்டன. இலாபம் தேடும் இல்லம் எதுவும் அந்த வீதியால் அன்று வரவில்லை. இதனை நன்றியின் பொருட்டன்றிக் கணக்கின் பொருட்டே எழுதுகிறேன். ஓர் அமைப்பின் பயனை எடை போடுவோர் நல்ல காலத்துப் பற்றுவரவை மட்டும் பார்த்தல் ஆகாது.

2022 செப்டெம்பரிலே கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது இதே எடை மறுபடி போடப்பட்டது. அங்காடியிலே பொருள் இருந்தது, விலை சுட்டது. எங்கள் ஊர்க் கடைக்காரர் கொப்பியிலே எழுதிக்கொண்டு அரை இறாத்தல் பாணும் கொடுத்தார். அங்காடியின் இயந்திரத்திலே அரை இறாத்தலுக்கு இலக்கம் இல்லை.

கொப்பியைப் பற்றிப் பேசும்போது, இன்றைய அங்காடி வைத்திருக்கும் கொப்பியையும் சொல்லவேண்டும். புள்ளி சேர்க்கும் அட்டை என்று ஒன்றைத் தருகிறார்கள். தொலைபேசி இலக்கத்தைச் சொன்னால் நூறு ரூபாவுக்கு இத்தனை புள்ளி. ஊர்க் கடைக்காரரின் கொப்பி நம் கடனை மட்டும் அறியும். இந்தக் கொப்பியோ எந்த வாரத்தில் குழந்தைப் பால்மா வாங்கத் தொடங்கினோம், எப்போது சீனியைக் குறைத்தோம் என்பதையும் அறியும். அதே இல்லம் காப்புறுதியும் விற்கின்றது, வங்கியிலும் பங்கு வைத்திருக்கின்றது என்றால், ஓர் அறையிலுள்ள கொப்பியை இன்னோர் அறையினர் புரட்டலாகாது என்று யார் சொல்வது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி வகுக்கப் பிறந்தது. அது உண்டென்று கூட நம் உயர்தர வகுப்பு மாணவருக்கு எந்தப் பாடத்திலும் நாம் சொல்வதில்லை.

இன்னொரு சட்டத்தின் கதை வியப்பைத் தருவது. 1987இலே நியாயமான வர்த்தக ஆணைக்குழு ஒன்று சட்டத்தால் அமைக்கப்பட்டு, ஏகபோகங்களையும் கொம்பனிகள் ஒன்றோடொன்று இணைவதையும் விசாரிக்கும் அதிகாரம் அதற்குக் கொடுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதனை நீக்கிவிட்டது. விலை ஒட்டாத கடைக்காரரைப் பிடிக்கவும், போட்டிக்கு ஊறு செய்யும் வழக்கங்களை விசாரிக்கவும் புதிய சபைக்கு அதிகாரம் இருந்தது. கொம்பனி கொம்பனியை வாங்கும்போது, "இதனால் சந்தையிலே எத்தனை கைகள் மிஞ்சும்?" என்று முன்கூட்டிக் கேட்கும் ஏற்பாடு மட்டும் அச்சட்டத்திலே இடம்பெறவில்லை. ஒரு கிலோ பருப்பை ஐந்து ரூபா கூட்டி விற்ற சில்லறைக் கடைக்காரர் நீதிமன்றம் ஏறுகிறார். ஒரு பண்டத்தின் பாதிச் சந்தை ஒரே நாளிலே கைமாறினால் அது வர்த்தகப் பக்கத்துச் செய்தி.

மாணவரின் கேள்விக்கு நான் கொடுத்த விடை இதுவே. ஓர் இல்லம் எத்தனை பொருள் விற்கின்றது என்று எண்ணவேண்டாம். அதன் வாசலிலே நிற்கும் விவசாயியும் தொழிலாளியும் நுகர்வோரும் அவ்விடத்தை விட்டுப் போவதற்கு எத்தனை வாசல் இருக்கின்றது என்று எண்ணுங்கள். அவர் உடனே, "அப்படியானால் எங்கே போய் எண்ணுவது?" என்று கேட்டார், இக்காலத்து மாணவர்க்குச் செய்முறை வேண்டும். சுன்னாகம் சந்தைக்கு அதிகாலையிலே போய், வெளியூர் லொறிகள் எத்தனை வந்திருக்கின்றன, தனித்தனி வாங்குபவர் எத்தனை பேர், கத்தரிக்காய்க்கு முதற் கேள்வி என்ன, கடைசி விலை என்ன என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பிறகு ஊர்ப் பலநோக்குச் சங்கத்துக்குப் போய், சென்ற வருடப் பொதுக்கூட்டத்துக்கு எத்தனை அங்கத்தவர் வந்து கையொப்பமிட்டனர் என்பதையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். லொறிக் கணக்கு நேற்று வந்தது. சங்கத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. கையொப்பப் புத்தகம் இருக்கும் அலுமாரியின் திறப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.